எட்டு எழுத்துக்குள்

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி வீதி பாமசியில்
பிறசர் குளிசைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
யோகேஸ்வரி கேட்டா:
“ஆர் பிள்ளை இந்த ஆம்பிளை?”

லேபலில் ‘யோகேஸ்வர’ என்று இருந்தது.
ரி-யின் விசிறி விழுந்து ர ஆகியிருந்தது.
கையால் எழுதிக் கொடுத்தேன். முகம் சுட்டது.

அந்த லேபலை அடித்த நிரல் என்னுடையது.
மூன்று கிழமைப் படிப்பு, பதினொரு வரி.
பெயர் எட்டு எழுத்தைத் தாண்டினால் வெட்டு
என்று அதில் ஒரு வரி;
லேபல் பெருவிரல் அகலம்தானே.
ஆனால் யோ, கே, ஸ், வ, ரி.
எண்ண ஒரு கை போதும்.

சனி பின்னேரம் வகுப்பு.
கொக்குவிலில் பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
தின்னர் மணம், பதினாறு கணினி,
அதில் பன்னிரண்டுக்கு உயிர்.
படிப்பிக்கிற பொடியன் படியில் நின்று
ஆருக்கோ போனில் “யெஸ் சேர், யெஸ் சேர்”.
அவனுக்குக் கொழும்பில் வேலை சரிவரப் போகுதாம்.

பக்கத்துக் கதிரையில் யூட்,
குருநகர் ஐஸ் ஆலையில் இரவு வேலை.
போன கிழமை அவருடைய நிரல்
பெட்டி ஒன்று பெட்டி ஒன்று பெட்டி ஒன்று என்று
கரண்ட் நிற்கும்வரை ஓடியது.
எண்ணிக்கையைக் கூட்டுகிற வரியை மறந்துபோனார்.
நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லித் திரிகிறேன்.
உண்மையில் நான் சிரித்தேன், அவ்வளவுதான்;
ஏன் சிரிக்கிறேன் என்று அவர் பார்த்ததில்
அவருக்கே தெரிந்துவிட்டது.

“வேலை செய்யேல்லை,” என்றேன்.
“எது?”
“எல்லாம்.”
“எல்லாம் எண்டு ஒரு பிழை இல்லை.
என்ன வருமெண்டு நினைச்சனீர்? என்ன வந்தது?
ரெண்டையும் சொல்லும்.”

இரண்டையும் சொல்ல எனக்குக் கன நேரம் எடுத்தது.
நினைத்ததை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை,
நிரலுக்குக்கூட.

அவருக்கும் விடை தெரியாது.
தெரியாது என்றுதான் சொன்னார்.
“சின்னப் பேர் ஒண்டைக் குடுத்துப் பாப்பம், என்ரயைக் குடும்.”
யூட். எத்தனை எழுத்து என்று கேட்டோம்.
நான்கு என்றது திரை.
இன்னொருக்கால் கேட்டோம். நான்கு.
“ஞானஸ்நானம் தந்த சாமி கேக்க வேணும்,” என்றார் யூட்.

ஒவ்வொன்றாய் வரிசையில் விடச் சொன்னேன்.
ய வந்தது.
அதன் பின்னால், தனியே, கால்.
பிறகு ட.
பிறகு தலையும் உடம்பும் இல்லாமல்
வெறும் புள்ளி,
நிற்க இடமில்லாமல்
புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்றில் சாய்ந்துகொண்டு.

புள்ளி வைத்தால் எழுத்து வாய் மூடும் என்று
அரிவரியில் படித்தோம்.
இங்கே புள்ளியும் கதிரை கேட்கிறது.
விசிறியும் கேட்கிறது.
யோகேஸ்வரிக்கு ஒன்பது கதிரை வேண்டும், நான் போட்டது எட்டு.
கடைசியாய் வந்தது வெளியே நின்றுவிட்டது.

பிழை என்று இவ்வளவு நாளும் திட்டினேன்.
சொன்னதைத்தான் செய்திருக்கிறது.
எழுத்து என்றால் என்னவென்று
எங்களுக்குள் நாங்கள் பேசவேயில்லை.

ஒட்டுகிறவற்றை எண்ணாதே என்று இன்னொரு வரி எழுதினோம்.
அதிலும் அடைப்புக்குறி ஒன்று மூடாமல் கிடந்தது;
பின்வரிசை சர்மிலா எட்டிப் பார்த்து
“மூடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.
யோகேஸ்வரி ஐந்து. யூட் இரண்டு.
அவர் மேசையில் தட்டினார்,
படியில் போன் பேசியவன் திரும்பிப் பார்த்தான்.

திங்கள் முழுப் பெயரோடு லேபல் அடித்தேன்.
அவ பார்க்கவேயில்லை.
பையை மடித்துக் கூடைக்குள்,
வெண்டிக்காய்க்குக் கீழே வைத்துக்கொண்டு போட்டா.

அடுத்த ஆள் ஸ்ரீரஞ்சனி.
நான் எண்ணினால் ஐந்து. அது ஆறு என்கிறது.
துண்டில் குறித்து வைத்திருக்கிறேன்
என்ன நினைத்தேன், என்ன வந்தது, இரண்டையும்.
சனி வரட்டும்.